எண்ணாயிரத்து எண்பதாம் வாயிலைப் பறித்தவன்

வானம் வஞ்சியாது பொழிக. வயல் சோராது விளைக.

முகில் படியும் மலைமுடிகளும், அவற்றினின்று இழியும் கருவாறும், அவ்வாற்றின் இரு கரையிலும் வாழும் குடிகளும் தமக்கு உரிமையாகக் கொண்ட வரைநாட்டுப் பேரரசியார், மலைமகுடம் தரித்த மாதேவியார், குடிபுறங்காத்த பெருமாட்டியார், திருமிகு நன்னுதலார் பணித்தருள, அவர்தம் நீர்காவல் அமைச்சி வெண்ணி, தாழைநாட்டு வேந்தரும் கடல்முகத்துக் காவலரும் வெண்குடை நிழற்றும் மூத்த குலத்தோன்றலுமாகிய திருமிகு இளவெயினர் திருமுன்பு வைக்கும் ஓலை.

தங்கள் கோட்டை நெடிது நிற்க. தங்கள் மரக்கலங்கள் போன திசையெல்லாம் சேதமின்றி மீள்க. தங்கள் நாட்டுப் பிள்ளைகள் பெற்றோர் கண்முன்னே வளர்ந்து, முறையான காலத்தில் பெற்றோரைத் தாமே எடுத்து அடக்கம் செய்யும் பேறு பெறுக. முதல் இரண்டு வாழ்த்தும் மரபு கருதி எழுதியவை. மூன்றாவதை நெஞ்சார எழுதினேன். ஏன் என்பது ஓலையின் போக்கில் விளங்கும்.

தங்கள் அவையில் கணித்தலைவன் என்னும் பட்டமும், பொன்னிழை மேலாடையும், கடலை நோக்கிய மாளிகையும் பெற்று வாழ்கின்ற பதுமன் என்பவன் எங்களுக்கு வேண்டும். அதற்காகவே இவ்வோலை.

எங்கள் வெள்ளத்தைப் பற்றித் தங்கள் அவையில் எவரேனும் வினவினால், பெருங்கணினியில் வேறு வாயில் கிடைக்கவில்லை என்றும், காலியாகக் கிடந்த ஒன்றைக் கண்டு அதையே எடுத்துக்கொண்டதாகவும், மழை வானத்தின் செயலேயன்றித் தன் செயல் அன்று என்றும் அவன் சொல்லிவருவதாக எங்கள் தூதர் வந்து உரைத்தார். தாங்கள் அதை நம்பி வாளாவிருக்கிறீர்கள் என்றும் உரைத்தார். நம்பியது தங்கள் பிழையன்று. அவன் சொன்னது தங்களுக்கு விளங்காத தொழிலைப் பற்றியது. விளங்காததைச் சொல்லி ஏமாற்றுவது எளிது. ஆதலால் அந்தத் தொழிலைத் தங்களுக்கு விளங்கும்படி எழுதுகிறேன். நடந்ததில் எவரெவர் என்னென்ன சொன்னார்களோ, அதில் முக்கியமானவற்றை அவர்கள் பேசிய பேச்சாகவே எழுதும்படி ஓலை எழுதுபவரிடம் சொல்லியிருக்கிறேன். நடை கெடுமே என்று அவர் தயங்கினார். கெட்டால் கெடட்டும்.

எங்கள் தலைநகரில் பேரரசியாரின் பெருங்கணினி ஒன்று உண்டு. அதனுள் ஒரே வேளையில் பல நிரல்கள் ஓடும். கம்பிவழி வெளியிலிருந்து வரும் செய்தி எந்த நிரலுக்கு உரியது என்று தெரியவேண்டுமல்லவா? அதற்காக ஒவ்வொரு நிரலும் எண்ணிட்ட ஒரு வாயிலைப் பிடித்துக்கொண்டு அங்கே காத்திருக்கும். கணிநூலார் போர்ட் என்பது இதையே. ஒரு வாயிலில் ஒரு நிரல்தான் நிற்க முடியும். இன்னொன்று அதே வாயிலுக்கு வந்தால், அது பயன்பாட்டில் உள்ளது என்று சொல்லிக் கணினி திருப்பிவிடும்.

அந்தக் கணினியில் எண்ணாயிரத்து எண்பதாம் வாயில் என் நிரலுக்கு உரியது. அப்போது நான் அமைச்சி அல்லள். நீர்காவல் நிரலை எழுதி அதைப் பார்த்துக்கொண்டவள். கருவாறு பிறக்கும் காட்டிலும் அது விழும் அருவிகளிலும் நீர்மானிகள் நட்டிருக்கிறோம். ஆற்றின் உயரத்தை ஓயாமல் அளந்து, கம்பிவழி என் வாயிலைத் தட்டிச் சொல்வது அவற்றின் வேலை. கேட்டேன் என்று என் நிரல் ஒவ்வொரு முறையும் மறுமொழி சொல்லும். நீர் ஏறினால் கரையோர ஊர்களின் அபாயச் சங்குகளை ஊதவைக்கும். கம்பி அறுந்தோ கணினி பழுதுபட்டோ மறுமொழி வராமல் போனால், நீர்மானிகள் தாமே சங்கை ஊதிவிடும்படி அமைத்திருந்தேன். ஆகவே சங்கு ஊதாத நேரம் ஆறு அமைதியாக இருக்கும் நேரம் என்று குடிகள் நம்பினார்கள். நம்பலாம் என்று அவர்களிடம் சொன்னவள் நான்.

பேரரசியாரின் முடிசூட்டு வெள்ளிவிழாவுக்குத் தாங்கள் அனுப்பிய சீர்வரிசையில் முத்தும் பவளமும் வந்தன. அவற்றோடு பதுமனும் வந்தான். விழாவை ஊர்தோறும் திரையில் காட்டவல்ல கணிவல்லுநன் என்று தாங்கள் எழுதிய அறிமுக ஓலையின் வாசகம் இன்றும் எங்கள் அவைக்களத்தில் இருக்கிறது. இவன் கை என் கை, இவன் சொல் என் சொல் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு மதிப்பளித்துத்தான் பெருங்கணினியின் தலைமைக் கடவுச்சொல்லை எங்கள் அவை அவனிடம் ஒப்படைத்தது. அந்தச் சொல் இல்லையேல் அவனால் என் நிரலைத் தொட்டிருக்கவே முடியாது. இதைத் தாங்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

அவன் கொண்டுவந்த திரைகள் பெரியவை, அழகானவை. ஆற்றங்கரை மன்றங்களில் அவற்றை நிறுத்தியபோது எங்கள் மக்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஆனால் அவை தங்கள் நாட்டிலேயே பூட்டி முடிக்கப்பட்டு, எண்ணாயிரத்து எண்பதாம் வாயிலையே தேடிச் செல்லுமாறு அமைக்கப்பட்டிருந்தன. அந்த வாயிலை எனக்கு விட்டுக்கொடு என்று அவன் கேட்டான். காட்டின் நீர்மானிகள் அத்தனையும் அந்த எண்ணையே தட்டுகின்றன, மாற்றவேண்டுமானால் மழைக்காலத்தில் ஒவ்வொரு முகட்டுக்கும் ஆள் ஏறவேண்டும், திரைகளோ ஊருக்குள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, அவற்றை மாற்றுவது எளிது என்று நான் விளக்கினேன். கணினியில் காலியாக வாயில் எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சிரித்தான்.

வேந்தே, அறுபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட வாயில்கள் ஒரு கணினிக்கு உண்டு. காலி வாயிலைத் தேடுவது இத்தொழிலில் முதல் வாரம் கற்கும் பாடம். எண் எதையும் குறிக்காமல் சுழி என்று எழுதி ஒரு வாயில் வேண்டும் என்று கேட்டால், எவரும் பயன்படுத்தாத ஒன்றைக் கணினியே எடுத்துக் கையில் கொடுக்கும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. அவன் கேட்கமாட்டான் என்று கண்டு நானே கேட்டேன். வந்த எண்ணை அவன் பெயரால் ஒதுக்கி, வேறெந்த நிரலும் அதில் புகாதபடி செய்து, திரைகளையும் நானே ஊர் ஊராகப் போய் அந்த எண்ணுக்குத் திருப்பித் தருகிறேன் என்று அவையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவன் முகம் கறுத்துப்போயிற்று. தாழைநாட்டுக் கணிவல்லுநனுக்கு ஆற்றங்கரைக்காரி வாயில் தேடித் தருவதா என்று நினைத்தான் போலும். திரைகளை எவரும் தொடவேண்டாம், தானே மாற்றிக்கொள்வதாகச் சொன்னான். பேரரசியார் எதிரில் விளக்கின்மேல் கை வைத்து, நீர்காவல் வாயிலைத் தீண்டேன் என்று சூளுரைத்தான்.

அதன்பின் அவன் ஒரு திரையையும் மாற்றவில்லை. விருந்துகளுக்குப் போனான், தனக்கு அணிவிக்கப்படும் மாலை எந்தப் பூவால் ஆகவேண்டும் என்று பூக்கட்டுவோரிடம் சொல்லியனுப்பினான்.

விழா நாள் முற்பகலில் தலைநகரில் நல்ல வெயில். மேற்கே காட்டின்மேல் மட்டும் கருமை கட்டியிருந்தது. கணினிக்கூடத்தில் என் முன்னிருந்த திரையில் நீரளவு வருவது திடீரென்று நின்றது. கம்பி அறுந்ததோ என்று முதலில் நினைத்தேன். கம்பி அறுந்தால் சங்கு ஊதியிருக்குமே. நகரின் கீழைக்கரைச் சங்கு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது, அது ஊதவில்லை. அளவு வரவில்லை, சங்கும் ஊதவில்லை என்றால் பொருள் ஒன்றுதான்: என் வாயிலில் வேறு எவனோ நின்றுகொண்டு, நீர்மானிகள் சொல்வதற்கெல்லாம் கேட்டேன், கேட்டேன் என்று மறுமொழி சொல்கிறான். எண்ணாயிரத்து எண்பதைப் பிடித்திருப்பது யார் என்று கணினியைக் கேட்டேன். பதுமனின் விழா நிரல் என்றது. என் நிரலை மீண்டும் எழுப்பினேன். வாயில் பயன்பாட்டில் உள்ளது என்றது. அவன் நிரலை நிறுத்தப் பார்த்தேன். என் கடவுச்சொல் செல்லவில்லை. முன்னதாகவே அதை மாற்றி வைத்திருந்தான்.

இங்கே ஒன்றைத் தங்களுக்கு விளக்கவேண்டும். அவன் நிரல் தன்னைத் தட்டுவது திரையா நீர்மானியா என்று பார்ப்பதில்லை. தட்டிய எவருக்கும் நன்றாகக் கேட்டது என்று சொல்லிவிட்டு, வந்த செய்தி புரியாததாயின் கீழே போட்டுவிடும். ஆறு ஏறுகிறது, ஏறுகிறது என்று காட்டிலிருந்து நீர்மானிகள் கூவிய கூவலெல்லாம் அப்படித்தான் கீழே விழுந்தது. மறுமொழி வந்துவிட்டதால் அவையும் தாமாகச் சங்கை ஊதவில்லை. அவன் என் வாயிலை வெறுமனே அடைத்திருந்தால்கூட ஊர்கள் பிழைத்திருக்கும்.

விழாப் பந்தலுக்கு ஓடினேன். பேரரசியார் அப்போது யானைமேல் நகர்வலத்தில் இருந்தார். பதுமன் மேடையோரம் பட்டுடுத்தி நின்றான். மூச்சு வாங்க நடந்ததைச் சொல்லி, உன் நிரலை இறக்கு, உனக்கென்று பிடித்து வைத்த வாயில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, அதற்குப் போ என்று கைகூப்பிக் கேட்டேன். கைகூப்பிக் கேட்டேன் என்பதைத் தங்கள் ஓலைநாயகம் தங்களுக்கு இருமுறை படித்துக் காட்டுக. அவன் என்னைப் பார்க்காமலே, பந்தலில் மாட்டியிருந்த திரையைப் பார்த்தபடி சொன்னான்:

"இப்ப இறக்கினா எல்லா ஊருலயும் படம் நின்னுபோகும். விழா முடியட்டும். அரை நாழி உன் ஆறு பேசாம இருந்தா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது."

குடி முழுகிப்போகாது என்று எல்லோரும் நாள்தோறும் சொல்கிறோம். நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போது எங்கள் ஆற்றங்கரையில் எவரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

அவன் கண்சாடையில் காவலர் என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அவர்கள் எங்கள் நாட்டுக் காவலர்தாம். ஆனால் அன்று பந்தலில் அவன் சொல்லே சொல் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வெளியே விழுந்து எழுந்தபோது எனக்கு ஒரு வழி தோன்றியது. கணினிக்கூடத்துக்கு ஓடினேன். தீ மூண்டால் கதவு உடைப்பதற்கென்று அங்கே சுவரில் மாட்டியிருந்த கோடரியை எடுத்து, பெருங்கணினியிலிருந்து வெளியே செல்லும் கம்பிவடத்தின்மேல் போட்டேன். முதல் வெட்டு தோலைத்தான் கிழித்தது. இரண்டாவதில் பாதி. வடம் துண்டாகி விழுந்ததும் பந்தலில் கூச்சல் எழுந்தது, திரைகள் இருண்டிருக்கவேண்டும். மறுமொழி சொல்ல எவருமில்லாமற் போகவே, சிறிது நேரத்தில் கீழைக்கரைச் சங்கு ஊதத் தொடங்கியது. அதன்பின் அதற்கு அப்பாலுள்ளது. அதற்கும் அப்பாலுள்ளது. அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே குதிரை ஏறி மேற்கே போனேன். என் ஊர் மேற்கே, காட்டுக்கு மிக அருகே இருந்தது.

நுணாக்கரை என்பது அதன் பெயர். என் கணவர் எயினனார் அங்கே சங்குக்கம்பத்தின் காவலர். எங்கள் மகள் ஆம்பலுக்கு அந்தக் கோடையில்தான் முன்பல் விழுந்திருந்தது. விழாவில் அம்மா தலை தெரியும் என்று அவள் காலையிலேயே மன்றத்துத் திரைக்கு முன்னே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாளாம். சொன்னவள் தறிக்காரி நாகி. மாமரத்தில் ஏறிக் கிளையைக் கட்டிக்கொண்டு பிழைத்தவர்களில் அவள் ஒருத்தி. அவள் சொன்னதையே எழுதுகிறேன்; நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே பார்ப்பதற்கு ஊர் இல்லை.

நாகி நூல் அலசப் படித்துறைக்குப் போயிருக்கிறாள். ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் நீர் செம்மண் நிறமாகிச் சருகும் முறிந்த மூங்கிலும் அடித்து வந்தது. அவளுக்கு மனம் சரியில்லை. மன்றத்துக்கு வந்து என் கணவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் எழுந்து ஆற்றைப் பார்த்தார். கம்பத்தின் உச்சியில் சங்கையும் பார்த்தார். கூடியிருந்தவர்களில் சிலரும் எழுந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து அவர் சொன்னாராம்:

"வெண்ணியோட சங்கு இன்னும் ஊதல. மலையில தண்ணி ஏறினா அது ஊதாம இருக்காது. உக்காருங்க, ராணி வர்ற நேரம்."

உட்கார்ந்தார்கள். திரையில் யானை வந்தது. ஆறும் வந்தது.

அவர் முட்டாள் அல்லர், வேந்தே. பிறந்தது முதல் அந்த ஆற்றோடு வாழ்ந்தவர். தம் கண்ணைவிட என் சொல்லை நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் பதுமன் நுழைந்தான். வாயிலை மட்டும் பறித்திருந்தால் அவனைத் திருடன் என்று எழுதியிருப்பேன். என் குரலைப் பறித்து, என் குரலாலேயே என் வீட்டாரைக் கொன்றவனை என்ன சொல்லி எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மன்றத்துக்குக் கீழ்ப்புறம், தாழம்புதரில் மகளைக் கண்டெடுத்தேன். தந்தையின் மேல்துண்டு அவள் இடுப்பைச் சுற்றி இறுக முடிந்திருந்தது, மறுமுனை கிழிந்திருந்தது. அவர் உடல் கிடைக்கவில்லை. ஆறு தங்கள் நாட்டுக்குத்தான் போகிறது. தங்கள் கழிமுகத்தில் எங்கோ அவர் கிடக்கிறார்.

நான் வடத்தை வெட்டியபோது வெள்ளம் இன்னும் எட்டியிராத கீழையூர்கள் பிழைத்தன. சங்கு கேட்டு மேட்டுக்கு ஓடியவர்கள் பின்னர் வந்து என் காலில் விழுந்தார்கள். எழுந்திருங்கள் என்றேன்.

நாங்கள் சேற்றில் பிணம் தேடிக்கொண்டிருந்த வேளையில் பதுமன் தென்கணவாய் வழியே தங்கள் நாட்டுக்குப் போய்விட்டான். போகும்போதும் பூமாலை கழுத்தில் கிடந்ததாகக் கணவாய்ச் சாவடியார் சொன்னார்கள். இவன் கை என் கை என்ற தங்கள் வாசகத்தைக் காட்டித்தான் சாவடியைக் கடந்திருக்கிறான்.

இனி அவன் தங்களிடம் சொல்லும் சமாதானத்துக்கு வருகிறேன். காலி வாயில் கிடைக்கவில்லை என்கிறான். அவனுக்கென்று ஒரு வாயில் தேடி, பிடித்து, அவை அறியக் கொடுத்திருந்தேன். எண்ணாயிரத்து எண்பதைப் பார்த்தபோது அது காலியாகத்தான் இருந்தது என்கிறான். இருந்திருக்கும். அங்கே நின்ற என் நிரலைச் சற்று முன்னர்த் தன் கையாலேயே நிறுத்தியவன் அவன். ஒரு வீட்டாரைக் கொன்றுவிட்டு வீடு காலியாக இருந்தது என்று குடியேறியவன் சொல்லுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இன்னும் ஒன்று. காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, வாயிலைப் பிடிப்பது வேறு என்பதும், பார்த்ததற்கும் பிடித்ததற்கும் இடையே உரியவன் திரும்பிவரக்கூடும் என்பதும் இத்தொழிலில் எவரும் அறிந்தது. அதனால்தான் பார்த்துவிட்டு எடுத்தேன் என்ற பேச்சை எங்கள் கூடத்தில் எவரும் பேசுவதில்லை. பிடித்துப் பார்ப்போம், பிடிபடாவிட்டால் அது இன்னொருவருடையது என்று விலகி வேறு தேடுவோம். அவன் இதை அறியாதவன் அல்லன். அறிந்துகொண்டே, அறியாத தங்களிடம் வேறு மாதிரி சொன்னான். தங்கள் அவையிலுள்ள கணிநூலார் எவரையேனும் தனியே அழைத்து இப்பத்தியைப் படித்துக் காட்டிக் கேளுங்கள். அவர் தலை கவிழ்ந்தால் அதுவே எனக்குச் சான்று.

பேரரசியார் நுணாக்கரைக்கு நடந்தே வந்தார். சேற்றில் நின்று, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவன் வேண்டும் என்றேன். அன்றே நீர்காவல் அமைச்சியாக்கி, அவனைப் பற்றிய தீர்ப்பையும் என் கையில் கொடுத்தார்.

என் மனத்தில் இருந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். மறைத்து எழுதினால் தாங்கள் என்னை நல்லவள் என்று எண்ணிக் காலம் தாழ்த்துவீர்கள். கருவாற்றின் நீரளவை எங்கள் பெருங்கணினிதான் தங்கள் கரையோர ஊர்களின் சங்குகளுக்கும் அனுப்புகிறது. இரு நாட்டு முன்னோர் செய்த உடன்படிக்கை அது. வெள்ளத்துக்கு அடுத்த மழையில் ஆறு மீண்டும் ஏறியது. நான் கணினிக்கூடத்தில் தனியே இருந்தேன். தங்கள் ஊர்களுக்குச் செல்லும் செய்தியை நிறுத்த எனக்கு ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைத் தட்டியும் விட்டேன். உறுதிசெய்வது ஒன்றே மிச்சம். தங்கள் நாட்டிலும் திரைக்கு முன்னே பிள்ளைகள் உட்கார்ந்திருக்கட்டும், தங்கள் அவையிலும் எவரேனும் வந்து மழை வானத்தின் செயல் என்று சொல்லட்டும் என்று நினைத்தேன். பதுமன் அப்போது கடல் பார்த்த மாளிகையில் உலர்ந்த ஆடையோடு உட்கார்ந்திருப்பான் என்ற நினைவு வந்ததும் கையை எடுத்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் ஆகாதபோது பிறர் பிள்ளைகள் ஏன் சாகவேண்டும்? செய்தி போயிற்று. தங்கள் சங்குகள் ஊதின. தங்கள் மக்கள் மேட்டுக்குப் போனார்கள். என் பகை பெரியதுதான். ஆனால் அது முழுவதும் ஒருவனுக்கே வேண்டியிருக்கிறது, பிறருக்குப் பங்கிட மனம் வரவில்லை.

ஆகவே பேரரசியார் ஆணையால் தங்கள் முன் இரண்டு வழி வைக்கப்படுகிறது.

பதுமனைக் கைப்பிணித்துத் தென்கணவாயில் எங்கள் சாவடியாரிடம் ஒப்படையுங்கள். எங்கள் நாட்டு முறைப்படி நுணாக்கரை மேட்டில் அவன் கழுவேறுவான். இது ஒரு வழி.

தம் சொல்லை நம்பி வந்தவனைச் சாவுக்கு அனுப்ப வேந்தர் குலம் கூசும் என்றால், அவன் தங்கள் நாட்டிலேயே இருக்கட்டும். ஆனால் மாளிகையில் அன்று. கருவாறு தங்கள் எல்லைக்குள் புகும் இடத்தில், ஆற்றின் நடுவே மணல்திட்டு ஒன்று உண்டு; சிறு வெள்ளத்துக்கும் முழுகும் திட்டு. அதில் அவனுக்கு ஒரு வீடு கட்டிக்கொடுங்கள். கூரைமேல் ஒரு சங்கு நிறுத்துங்கள். ஓடம் கரையில் காவலரிடம் இருக்கட்டும். சங்கு ஊதினால் மட்டும் அவர்கள் போய் அவனை ஏற்றிவரட்டும், ஊதாதவரை எக்காரணத்துக்கும் போகாதிருக்கட்டும். அவன் வாழ்நாள் முழுவதும் அங்கேயே வாழட்டும். அந்தச் சங்கை ஊதும் செய்தி எண்ணாயிரத்து எண்பதாம் வாயிலிலிருந்து, என் கையிலிருந்து வரும்.

இவ்விரண்டையும் மறுத்தால் தென்கணவாய் மூடப்படும். மூடிய கணவாய் திறக்கும் நாளில் அவ்வழியே வருவது எங்கள் வணிகர் அல்லர். அப்போதும் தங்கள் கரையோர மக்களுக்கு நீரளவுச் செய்தி தவறாது வந்துகொண்டிருக்கும். போர் தங்களோடும் அவனோடும் மட்டுமே.

வரைநாட்டுப் பேரரசியாரின் மலைமுகட்டு முத்திரை அரக்கில் பதிந்து, நுணாக்கரை ஆற்று மணல் தூவி உலர்த்தி, நீர்காவல் அமைச்சி வெண்ணி கையொப்பம் இட்டு விடுக்கும் இவ்வோலை தங்கள் திருக்கையில் சேர்க. கொணர்ந்தவர் உண்டு இளைப்பாறி மறுமொழியோடு மீள்க.

முத்திரைக்குக் கீழ் எழுதும் இவ்வரிகள் தங்கள் கண்ணுக்கு மட்டும் உரியவை. தாங்கள் இரண்டாம் வழியையே தேர்வீர்கள் என்று எண்ணுகிறேன். அதையே நானும் விரும்புகிறேன். நீர் ஏறும் ஒவ்வொரு முறையும் அவன் கூரைச்சங்கு வேளை தப்பாமல் ஊதும். என் மகள் பெயரால் இது உறுதி. அவன் முழுகமாட்டான், முதுமை எய்தியே சாவான். இதைத் தாங்கள் அறிந்திருந்தால் போதும். அவனுக்குத் தெரியவேண்டாம். வாயிலில் நிற்கும் நிரல் எவ்வளவு எளிதாகப் பொய்ம்மொழி சொல்லும் என்பதை அறிந்தவன் அவன். மலைமேல் மின்னும் நாளிலெல்லாம் அவன் சங்கைப் பார்த்து நின்று, வாயிலில் யார் இருக்கிறார் என்று கரையை நோக்கிக் கூவிக் கேட்பான். அப்போது காவலர் சொல்லவேண்டிய மறுமொழி மூன்றே சொல், அதற்கு மேல் ஒரு சொல்லும் அவர்கள் சொல்லக்கூடாது என்பது ஆணை: வாயிலில் வெண்ணி இருக்கிறாள்.